அப்பா ஒருநாளும் புகழாத நீலக் காடி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் கார் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் வாளியும் துணியுமாக வாசலில் இறங்குவார்கள். கழுவுவது பாதி, பேச்சு பாதி. ஒருவர் தன் கார் சும்மா பட்டாக ஓடுகிறது என்பார். இன்னொருவர், தன் காரில் போனால் குடித்த தண்ணீர் வயிற்றில் அலுங்காது என்பார். அப்பாவின் முறை வந்தால் முதலில் ஒரு பெருமூச்சுதான் வரும்.

"என்னத்த காடி லா... ஏத்தம் ஏறினா மூச்சு வாங்குது. மழை பேஞ்சா உள்ள ஒழுகுது. பெட்ரோல தண்ணி மாதிரி குடிக்குது. தெரியாத்தனமா வாங்கிட்டேன்."

காரை எங்கள் பக்கத்தில் காடி என்றுதான் சொல்வோம். எங்கள் காடி வெளிர் நீலம், ஜப்பான்காரன் செய்தது, நாலு கதவு. ரொம்பப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. எழுபதுகளின் கடைசியில் ஒரு ரயில்வே கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, அது கொஞ்சம் அதிகப்படிதான். அப்பா சொன்ன குறைகளில் ஒன்றுகூட உண்மை இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா பொய் சொல்வார் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் சுங்கை வே பெரியப்பா. பெரியப்பா ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "என் காடி மாதிரி கோலாலம்பூர்லயே கிடையாது லா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அடுத்த வாரமே பழைய கிள்ளான் சாலையில் முன்னால் நின்ற ஒரு லோரி பின்னோக்கி வந்து அதன் மூக்கை மடித்துவிட்டுப் போனது. பெரியப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அப்பா பயந்துபோனார். கண் பட்டுவிட்டது, வேறென்ன என்றார். அன்றிலிருந்து தனக்குச் சொந்தமான எதையும் அவர் நல்லதென்று சொன்னதில்லை.

நீலக் காடி வீட்டுக்கு வந்த அன்று, வரிசையில் இருந்த அத்தனை பேரும் அதன் நம்பரை நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலில் பணம் வைத்துக் கட்டினார்கள். புதுக் காடி வந்தால் அது அங்கே வழக்கம். ஒருவருக்கும் விழவில்லை. "ராசியில்லாத காடி" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "ஆமா லா, என் தலையெழுத்து" என்றார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் அம்மாவிடம் பாயசம் வைக்கச் சொன்னார்.

சீட்டுகளில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையை அவர் கழற்றவே இல்லை. வெயிலில் நின்ற காடியில் பாவாடையோடு ஏறினால் தொடை ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது தோலை உரிப்பதுபோல் ஒரு சத்தம் வரும். கேட்டவர்களிடம், "உள்ள துணி கிழிஞ்சு போச்சு, அதான் மூடி வச்சிருக்கேன்" என்பார். பின்கதவில் ஒரு சின்ன நசுங்கல் உண்டு. காசு வேண்டாம், சும்மா தட்டிவிடுகிறேன் என்று மெக்கானிக் சொல்லியும் அப்பா மறுத்துவிட்டார். குழந்தைக்குக் கன்னத்தில் மை வைக்கிறோம் இல்லையா, அந்தக் கணக்கு.

அக்காவுக்கும் இதே நடைமுறைதான். அக்கா பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாக வருவாள். வந்தவர்களிடம் அப்பா, "ஏதோ தட்டித் தடுமாறி பாஸ் பண்ணிட்டா" என்பார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அடுப்படியிலிருந்து கத்துவாள். என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாயாடி, கணக்கில் முட்டை, ஒரு வேலைக்கும் ஆகமாட்டாள். என் விஷயத்தில் கணக்கு மட்டும் உண்மை.

தட்டித் தடுமாறிய அக்காவுக்கு இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கடிதம் வந்த அன்று அப்பா அதை மூன்று முறை படித்தார். பிறகு வெளியே போய்க் காடியின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். காடியை விற்றால்தான் அக்காவை ஏற்றி அனுப்ப முடியும். மாதக் கடைசிக்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். அம்மா இதை எனக்குச் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அதிலிருந்து ஒன்றுதான் புரிந்தது. காடி போகாவிட்டால் அக்காவும் போகமாட்டாள்.

விற்பது அவ்வளவு லேசாக இல்லை. பிரிக்பீல்ட்ஸில் யாரிடம் கேட்டாலும், "அந்த மழை ஒழுகுற காடியா? வேணாம்ணே" என்றார்கள். அப்பாவின் ஆபீசில், "ஏத்தம் ஏறாதே, நீதான சொன்ன?" என்று சிரித்தார்கள். நான்கு வருடமாக அவர் தன் வாயாலேயே ஊரெல்லாம் தண்டோரா போட்டு வைத்திருந்தார். இப்போது மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்லவும் அவருக்கு நாக்கு எழவில்லை. காடி இன்னும் நம்முடையதாயிற்றே. பெரியப்பாதான் தலையில் அடித்துக்கொண்டார். "உன் வாயே உனக்குச் சத்துரு லா. நீ பேசாம இரு, நான் ஆளு கொண்டாரேன்."

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது பெரியப்பா ஓர் ஆளைக் கொண்டுவந்தார். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்த யாழ்ப்பாணத்து ஐயா. அரசாங்கத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. அவருடைய மனைவிக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை. அதற்குத்தான் கார். பெரியப்பா காடியைச் சுற்றிச் சுற்றி வந்து புகழ்ந்தார். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அப்பா நெளிந்தார். "அப்படியெல்லாம் பெருசா ஒண்ணுமில்லீங்க" என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லியும்விட்டார். பெரியப்பா அவர் தோளைப் பிடித்து, "வா, காகிதத்த எடு" என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

ஐயாவும் நானும் காடியும்தான் மிச்சம். அவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"பிள்ளை, நீ சொல்லு பாப்பம். கார் எப்பிடி?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று எனக்கு ஒரே குஷி. அப்பாவின் பெருமூச்சு உட்பட அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

"என்னத்த காடி... ஏத்தம் ஏறினா மூச்சு வாங்கும்."

"அப்பிடியோ? எந்த ஏத்தம்?"

"கேமரன் மலை. ஆறு பேரு போனோம். பெரியப்பா காடி ரிப்பேரு, அதனால அவங்களும் எங்க காடிலதான்."

"ஆறு பேரோ! இடையிலை எத்தினை தரம் நிப்பாட்டினீங்கள்?"

யோசித்தேன். "ஒரே தடவை. பெரியம்மா வாந்தி எடுத்தாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் அடுத்ததற்குப் போனேன். "மழை பேஞ்சா உள்ள ஒழுகும்."

"ஆர் நனைஞ்சது?"

இதற்கு நான் தயாராக இல்லை. "யாரும் நனையல. ஆனா ஒழுகும்."

"ஓம், ஓம்."

"பெட்ரோல தண்ணி மாதிரி குடிக்கும்."

"எத்தினை நாளைக்கு ஒருக்கா அடிக்கிறவர் அப்பா?"

"சம்பளத்தன்னிக்கு. அப்புறம் அடுத்த சம்பளத்துக்குத்தான்."

அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். இருமுகிறார் என்று நினைத்தேன். சீட்டுத் துணி கிழிந்திருக்கிறது என்று சொன்னபோது, பிளாஸ்டிக்கின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே துணி கடையில் இருப்பதுபோல் இருந்தது. அப்பா சொன்னது அப்படி இல்லையே என்று எனக்குக் குழப்பம். ஐயா பிளாஸ்டிக்கை இருந்தபடியே இழுத்துவிட்டார்.

"அந்தப் பின்கதவிலை ஒரு நசுங்கல் கிடக்கு. அது?"

அதற்குள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எதைச் சொன்னாலும் இந்த மனுஷர் அசைய மாட்டேன் என்கிறார். "அது அப்பா வேணும்னே வச்சிருக்காரு. மெக்கானிக் சும்மா தட்டித் தரேன்னும் வேணாம்னுட்டாரு."

ஐயா இந்த முறை வாயை மூடவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு பழுதான காரெண்டால் போகட்டுமன். நீ ஏன் பிள்ளை அழுறாய்?"

நான் அழுவதே அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "இத வித்தா அக்கா இங்கிலாந்துக்குப் போயிடுவா" என்றேன். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "எனக்கும் ஒரு மகள் அங்கைதான்" என்றார். வாங்காமல் போய்விடுவார் என்று நினைத்தேன்.

அப்பாவும் பெரியப்பாவும் காகிதங்களோடு வந்தார்கள். ஐயா ஒரு வார்த்தைகூடப் பேரம் பேசவில்லை. "நான் எடுக்கிறன். உங்கட பிள்ளை எல்லாம் விளக்கமாச் சொன்னவள்" என்றார். பெரியப்பா வாயைப் பிளந்தார். அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன், காது இரண்டும் சிவந்துபோயிருந்தன. "இவளா? இவளுக்கு வாய் மட்டும்தான் இருக்கு" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஐயா பணத்தோடு வந்தார். கையெழுத்து ஆயிற்று, சாவி கைமாறியது. ஐயா காடியைக் கிளப்பினார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அப்பா ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, தங்கமான காடிங்க இது. ஒரு நாள் நடு ரோட்டுல நின்னதில்ல. கேமரன் மலைய அப்படியே தின்னுடுச்சு. காலைல ஒரே சாவி, உடனே கிளம்பிடும். அம்மாவ முன்னால உக்கார வைங்க, சீட்ட நல்லா பின்னால தள்ளலாம், முட்டி வலிக்காது..."

காடி நகர்ந்தது. அப்பா அதோடு நடந்துகொண்டே சொன்னார். முனை திரும்பும்வரை சொன்னார். அது போன பிறகும் வீட்டுக்குள் வராமல், வாசலில் நின்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்ணே, இத முன்னாடியே சொல்லியிருந்தா நானே வாங்கியிருப்பேன் லா!"

"முன்னாடி அது என் காடி லா" என்றார் அப்பா.

அக்கா புறப்பட்ட நாளில் பெரியப்பாவின் காடியில்தான் சுபாங் விமான நிலையத்துக்குப் போனோம். வழியெல்லாம் அப்பா அக்காவைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தார். ஒரு துணி ஒழுங்காக மடிக்கத் தெரியாது, இவள் போய் என்னத்த நோயாளியைப் பார்க்கப் போகிறாள். அம்மா அன்று சண்டை பிடிக்கவில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்றாள். உள்ளே போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் பவுடர் வாசனை என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. மேல் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் விமானத்தைப் பார்த்தோம். அது ஏறி, சின்னதாகி, மேகத்துக்குள் போயிற்று.

அப்பா பக்கத்தில் நின்ற ஆள் பக்கம் திரும்பினார். யார் எவர் என்றே தெரியாத ஆள்.

"அதுல போறது என் மவங்க. தங்கமான புள்ள. பள்ளிக்கூடத்துல எப்பவும் மொத ஆளு. ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்ல. விடியக்கால எழுப்பவே வேணாம், அதுவா எந்திரிச்சிடும்..."

காடியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பேசினாரே, அதே குரல். நிறுத்தவே இல்லை. அந்த ஆள் பாவம், தலையாட்டிக்கொண்டே நின்றார். எனக்குப் பொறாமை தாங்கவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, நான்? நான் எப்படின்னு சொல்லு."

அப்பா பேச்சை நிறுத்திவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஆளிடம் சொன்னார்.

"இது சின்னது. சரியான வாயாடி. கணக்குல முட்டை. ஒரு வேலைக்கும் ஆகாது, சும்மா வீட்டுல கிடக்குது."

அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். ஒரே ஒரு நல்ல வார்த்தை, முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? காடிக்குச் சொன்னார், அக்காவுக்குச் சொன்னார். எனக்கு எப்போது சொல்வார் என்று கேட்டுக் கேட்டு, பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும்வரை அழுதேன். அந்த மாடத்தில் பிடித்த என் கையை அப்பா வழி முழுக்க விடவே இல்லை. வியர்த்துக் கசகசத்தது, வளையல் அழுத்தி வலித்தது, இரண்டு முறை பிடுங்கிப் பார்த்தேன். வரவில்லை.