இறங்காத பெயர்

வேலையை விட்டு அனுப்பிய பிறகும் பேச்சிராஜ் பெயரில் சர்வருக்குள் வருவது யார்? கோமுவுக்கு அன்று பதில் தெரியவில்லை.

தச்சநல்லூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். காலையில் சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்பே, நோயாளிகளின் விவரங்கள் இருக்கும் சர்வரைத் திறந்து, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்ப்பாள். வேலை முடிந்தும் வெளியேறாமல் கிடக்கும் பெயர்களைப் பேருந்து நடத்துநர் போல ஏசுவாள். “எறங்குங்க, எறங்குங்க. ஸ்டாப்பு வந்துட்டு.”

நோயாளிகளின் தொலைபேசி எண்கள் வெளியாள் கைக்குப் போயிருந்தன. பரிசோதனைக்கூடத்துப் பேச்சிராஜ் விடுப்பில் இருந்த நாட்களிலும் அவன் பெயர் உள்ளே இருந்திருக்கிறது. மேலாளர் தில்லைநாயகத்துக்கு அது போதுமாக இருந்தது.

“நான் எடுக்கலக்கா. ஊர்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடப்பேன்?” என்று கோமுவிடம் கேட்டுவிட்டு அவன் பத்தமடைக்குப் போய்விட்டான்.

அவனுடைய பாஸ்வேர்டை முடக்க மேலாளர் விடவில்லை. “மறுபடி வருவாம்மா. கையும் களவுமா பிடிப்போம்.”

பெயர் வந்தது. ஆனால் வெளியிலிருந்து அல்ல. மருத்துவமனைக்குள் இருக்கும் ஏதோ ஒரு கணினியிலிருந்து. எந்த அறையிலும் அது அகப்படவில்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டே நடந்த கோமு, காத்திருப்போர் கூடத்தில் டோக்கன் எண் காட்டும் போர்டின் முன் வந்து நின்றாள். அதன் பின்னால் போர்டை ஓட்டும் தூசி படிந்த சின்னக் கணினிப் பெட்டி. மாட்டியது அவள்தான்.

அங்கே பாஸ்வேர்டு இரவல் வாங்குவது டிபன் டப்பா வாங்குவது மாதிரி. போர்டுக்குத் தனிப் பெயர் கேட்டால் அனுமதி வர நாளாகும். “ஏலே பேச்சி, ஒம் பேர கொஞ்சம் குடுலே,” என்று கேட்டிருந்தாள். “வச்சிக்கோங்க. தரும்போது கழுவித் தாங்க,” என்று சிரித்தான். பிறகு இருவருமே அதை மறந்துபோனார்கள். அவன் விடுப்பில் இருந்த நாட்களிலும் அவன் பெயரில் உள்ளே இருந்தது இந்தப் போர்டுதான்.

கோமு போய் இதைச் சொன்னதும் தில்லைநாயகம் தன் அறைக் கதவைச் சாத்தினார். “பைய அத கட் பண்ணிருங்க. அவனத் திரும்பக் கூப்பிட்டா, அப்போ நம்பரக் குடுத்தது யாருன்னு கேப்பாவ. ஒங்க வேலையும் போவும், பாத்துக்கிடுங்க.”

கோமு தன் இடத்துக்கு வந்து இணைப்பைத் துண்டித்தாள். கூடத்தில் போர்டு இருண்டது. பார்க்கப் போனவளிடம், மடியில் ஸ்கேன் உறையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள். “ஏன் தாயி, போர்டு நின்னுட்டு?”

மேலாளர் அறைக் கதவு இப்போது திறந்திருந்தது. கோமு அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இங்கன பேச்சிராஜ்னு ஒரு பையன் வேல பாத்தான்க்கா,” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

பத்தமடையில் இன்னும் அவனைக் களவாணி என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் உங்களுக்கு யாரையாவது தெரிந்தால் இதைச் சொல்லுங்கள்.