எட்டாவது ஊரில் ஒடிந்த கம்பிகள்

லிஃப்ட்காரர் முப்பத்தோரு வருஷம் மேலே போனார், கீழே வந்தார். ஓர் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்துக்குள்ளேயே அவருடைய உத்தியோகம் முடிந்துபோனது. ஓய்வு பெற்ற மறுமாதம், கடலோரமாகப் பதினோரு ஊர்களைச் சைக்கிளில் கடக்கப்போவதாகச் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கக்கூட இல்லை. மூன்றாவது ஊரிலிருந்தே போன் வரும், காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவர வேண்டியிருக்கும் என்று மாப்பிள்ளை மட்டும் சொன்னார். அந்த வாய்க்குக் காலால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்று இவர் பேசாமல் இருந்துவிட்டார்.

மகள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். வழியில் சைக்கிள் உடைந்தால் பயணம் அத்தோடு சரி, அவள் வந்து கூட்டிப்போவாள். இவரும் வாக்குக் கொடுத்தார். அப்புறம் ஆளாளுக்கு மூட்டை கட்டினார்கள். கம்பளி, ஃபிளாஸ்க், மருந்துப் பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் போதாதென்று மாப்பிள்ளை தன் பங்குக்கு ஒரு சுத்தியல் வைத்தார். சைக்கிளுக்குச் சுத்தியல் எதற்கு என்று அவரைத்தான் கேட்க வேண்டும். உள்ளே நுழைகிற ஆளைப் பார்த்தே எடை சொல்லிவிடுகிற லிஃப்ட்காரருக்கு, சொந்த கேரியரில் ஏறிய பாரத்தை வேண்டாமென்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஏழு ஊர்கள் தாண்டின. எட்டாவது ஊருக்கு முந்தின பாலத்தில், எதிர்காற்றில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது பின்சக்கரத்தில் இரண்டு கம்பிகள் ஒடிந்தன. நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போய்க் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடையைப் பிடித்தார். மகளுக்கு அவரே போன் செய்து நடந்ததைச் சொன்னார். மறைத்திருக்கலாம். ஆனால் பொய் சொல்லிவிட்டுப் போகிற பயணம் அவருக்கு வேண்டாம்.

கடைக்காரர் கம்பி மாற்றி, கோட்டம் எடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு மூட்டையை ஒரு கையால் தூக்கப் பார்த்து முடியாமல் கீழே வைத்தார்.

"ஐயா, இதோட போனீங்கன்னா அடுத்த ஊருக்குள்ள இன்னும் நாலு கம்பி போகும்."

லிஃப்ட்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருடைய லிஃப்டில் பத்துப் பேருக்குமேல் ஏறினால் மணி அடிக்கும். அடித்தால் ஒருவர் இறங்க வேண்டும். அதிகாரிக்கு அவசரம், குமாஸ்தாவுக்கு ஏற்கெனவே தாமதம். யாரும் அசைய மாட்டார்கள். கடைசியில் எல்லாக் கண்களும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவர் மேல் வந்து நிற்கும். லிஃப்ட்காரர் இறங்குவார், லிஃப்ட் அவரில்லாமலே மேலே போகும், அவர் படியேறிப் போய் ஒன்பதாவது மாடியில் அதைப் பிடிப்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இது நடக்கும். மாப்பிள்ளைக்குத் தெரியாது, இந்தக் கால்கள் அந்தப் படிகளில் உரமேறியவை.

மத்தியானம் மகள் வந்து சேர்ந்தாள். கவலையில் அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"போதும்ப்பா. எட்டு ஊர் வந்ததே பெரிசு. கார்ல ஏறுங்க."

வாக்கு வாக்குதான். லிஃப்ட்காரர் கார்க் கதவில் கை வைத்தார். இன்னும் மூன்றே மூன்று ஊர்கள். அதற்குள் மகளும் கடைக்காரருமாகச் சேர்ந்து மூட்டையை டிக்கியில் போட்டார்கள். காரின் பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்தது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். கதவிலிருந்து கையை எடுத்தார்.

"வாக்குக் குடுத்தேன், இல்லேங்கலை. அதை இப்ப மீறுறேன், கோவிச்சுக்கோ. மணி அடிச்சப்பல்லாம் முப்பத்தோரு வருஷம் நான்தாம்மா இறங்கினேன். இந்தத் தடவை மூட்டை இறங்கட்டும்."

மருந்தையும் தண்ணீர் பாட்டிலையும் மட்டும் எடுத்துக்கொண்டு, டிக்கியை அவரே அறைந்து சாத்தினார். சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றியபடி திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை சொன்ன மாதிரியே கார் வந்துடுச்சு. சுத்தியலை பத்திரமா கொண்டுபோய் அவர்கிட்ட குடுத்துடு."