வாஷர் அண்ணன் வீட்டு இஸ்திரிப் பெட்டி

உள்ளங்கையைக் குழாய்க்கு அடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு நிற்கிறார். வீட்டுக்காரர் "வாங்க, உட்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் மனிதர் சமையலறைக்குள் போயாகிவிட்டது. வந்தது வேலைக்கு அல்ல. அந்த வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறியதற்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். அதெல்லாம் அப்புறம். முதலில் கையில் சொட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் முகம் மலரும். "வாஷர் போயிருக்கு" என்பார். விழாவிட்டால் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "நான் போட்ட வாஷர்" என்பார். இரண்டில் எதுவானாலும் அவருக்கு லாபம்.

ஊரில் அவருக்கு வாஷர் அண்ணன் என்றே பெயர். அவரைவிட மூத்தவர்களும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை. தொழில் குழாய் ரிப்பேர். ஆனால் குழாயோடு நிற்கிறவர் இல்லை. குழந்தைக்கு மூக்கு ஒழுகினாலும் வாஷர்தான், கடிகாரம் பின்தங்கினாலும் வாஷர்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ரகசியத்தைத் தெரு முழுக்க உளறிவிட்டபோது, "அவரைத் திட்டாதீங்க. தொண்டையில வாஷர் இல்லாம பிறந்துட்டார்" என்று பரிந்து பேசினார்.

ஆள் குட்டை, தடித்த உடம்பு. மண்டியிட்டு மண்டியிட்டுக் கால்சட்டையின் முட்டி இரண்டும் கிண்ணம் மாதிரி முன்னால் புடைத்துக்கொண்டு நிற்கும். அவர் நேராக நின்றாலும் கால்சட்டை மண்டி போட்டபடியே இருக்கும். தலைமுடியிலோ காதிலோ குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்புத் துணுக்கு ஒன்று எப்போதும் ஒட்டியிருக்கும். சுவருக்குள் கசிவு என்றால் திருப்புளியின் முனையைச் சுவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். அப்போது யாராவது பேசினால் கெட்ட கோபம் வரும்.

சொட்டுகிற எதையும் அவரால் சும்மா விட முடியாது. மச்சான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்கப் போனார். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசிக்கொண்டே இருந்தவரின் கை, தன்பாட்டுக்கு மேலே போய், குளுக்கோஸ் குழாயில் இருந்த குட்டிச் சக்கரத்தைத் திருகி மூடிவிட்டது. நர்ஸ் ஓடி வந்து கையிலேயே ஒன்று வைத்தாள். "பழக்க தோஷம்மா" என்றார். மழையை மட்டும் மன்னித்துவிட்டிருக்கிறார். அது மேலிடத்து வேலை, நாம் தலையிடக் கூடாது என்று விளக்கமும் வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒன்று ஒழுக ஆரம்பித்தது. மனைவியின் நீராவி இஸ்திரிப் பெட்டி.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறவர். முன்னறை ஜன்னலை ஒட்டி மெஷின், அதற்குப் பக்கத்தில் இஸ்திரிப் பலகை. அப்போது அவர் தைத்துக்கொண்டிருந்தது ஊராருக்கு அல்ல, மகளுக்கு. மகளுக்கு ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்தில் முதல் வேலை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறாள். அவள் சின்ன வயதிலிருந்து போட்டுக் கழித்த கவுன், சட்டை, பாவாடை எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி, சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து ஒரு போர்வை. மகள் அதை க்வில்ட் என்பாள். அப்பாவுக்கு அது ஒட்டுப்போர்வை.

மகள் போவதைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒரே பதில்தான். "அந்த ஊர்ல குழாய்க்குள்ள தண்ணி ஐஸ் ஆயிடுமாம். பைப்பே வெடிக்குமாம். அப்படி ஒரு ஊருக்கு மனுஷன் போவானா?"

போர்வையின் நடுவில் ஒரு நட்சத்திரம். அதன் துணி, மகள் முதல்நாள் பள்ளிக்கூடம் போனபோது போட்டிருந்த கவுன். வெள்ளையில் நீலப் புள்ளி. இந்த வேலையில் தைப்பது பாதி, இஸ்திரி பாதி. இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்ததும் அந்தத் தையலைப் படிய வைக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்த துண்டு. அதுவும் சட்டை தேய்க்கிற மாதிரி இழுத்துத் தேய்க்கக் கூடாது. பெட்டியை வைத்து, அமுக்கி, எடுக்க வேண்டும். இழுத்தால் துணி கோணிக்கொள்ளும். கோணினால் நட்சத்திரம் நண்டு மாதிரி ஆகிவிடும்.

மனைவி நாலு துண்டு தைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பெட்டி தானாக அணைந்து ஆறிப் போயிருக்கும். எடுத்து வைத்ததும் ஆவிக்குப் பதிலாகப் பழுப்புத் தண்ணீர் துப்பும். நல்லவேளை, இதுவரை கரும்பச்சைத் துண்டுகளில்தான் விழுந்திருந்தது.

"ஊர்க் குழாயெல்லாம் உங்க பேரைச் சொன்னா வாயை மூடிக்குது. வீட்டுல இருக்கறது மூஞ்சில துப்புது" என்றார் மனைவி.

அது போதும். வாஷர் அண்ணன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

பெட்டியைக் கவிழ்த்தார், குலுக்கினார், காதில் வைத்துக் கேட்டார். தண்ணீர் ஊற்றுகிற வாயில் ஊதிப் பார்த்தார். அடியிலிருந்த ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பொடி பறந்து வந்து மீசையில் உட்கார்ந்தது. திறந்து பார்க்கலாமென்றால் திருகாணிகள் அவருடைய எந்தத் திருப்புளிக்கும் மசியவில்லை. "உள்ள எங்கயோ ஒரு வாஷர் இருக்கு. இல்லாம இருக்காது" என்று இரண்டு டீ குடித்தார். அப்புறம் அவருக்குத் தெரிந்த வழிக்கே வந்தார். தண்ணீர் எது வழியாக வருகிறது? ஓட்டை வழியாக. ஓட்டையை என்ன செய்ய வேண்டும்?

"அது ஆவி வர்ற ஓட்டைங்க" என்றார் மனைவி.

"ஆவி வர்ற வழியில தண்ணி வருதுன்னா, அது சரியில்லாத வழிதானே?"

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்." தைத்து முடித்த உடுப்புகளைக் கொடுத்து வரப் பையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

குழாய் வெடிப்பை அடைக்கிற பசை ஒன்று உண்டு. இரண்டு நிறத்தில் வரும், சேர்த்துப் பிசைந்து அப்பினால் கல்லாகிவிடும். அதை உருட்டி, பெட்டியின் அடியில் ஓட்டை ஓட்டையாக அடைத்தார். ஆவிக்காக இரண்டை மட்டும் பெரிய மனதோடு விட்டுவைத்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தார். பார்க்க நன்றாகவே இருந்தது.

"பழைய துணியில வச்சுப் பாருப்பா" என்றாள் மகள்.

"பழைய துணியில பாத்தா அது சோதனையா? அம்மா வர்றதுக்குள்ள அந்த நட்சத்திரத்தைப் படிய வச்சுக் காட்டறேன். அசந்துடுவா."

"அப்பா, வேணாம்பா."

வைத்தார். வைத்ததோடு விடாமல், சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி ஓர் இழுப்பும் இழுத்தார். பெட்டிக்குள் விக்கல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் டப் என்று ஒரு பசை உருண்டை கழன்று, அதன் பின்னாலேயே உள்ளே இத்தனை நாள் சேர்ந்திருந்த துரு, அழுக்கு எல்லாம் ஒரே வாயாக வெள்ளைத் துணியில் இறங்கியது. இழுத்ததில் நட்சத்திரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"வா…" என்று ஆரம்பித்தார். "…ஷர்" வரவில்லை.

மனைவி திரும்பி வந்து பார்த்தார். கத்துவார் என்று வாஷர் அண்ணன் சுவரோடு சுவராக நின்றார். அவர் கத்தவில்லை. ஊசி முனையால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, கறை பட்ட துண்டுகளை எடுத்துத் தனியே வைத்தார். அந்தக் கவுனில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கை. அதை விரித்து, திருப்பித் திருப்பி அளந்து, மாற்றுத் துண்டுகள் வெட்டினார். வெட்டியது போக மிஞ்சியது காயத்துக்குக் கட்டுப்போடக் கூடக் காணாது. அதைத் தூக்கிக் காட்டினார்.

"இவ்வளவுதான். இனிமே ஒரு சொட்டு விழுந்தா, அந்த இடத்துல வச்சுத் தைக்க உங்க கால்சட்டை முட்டிதான்."

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள். வாஷர் அண்ணன் ஒரு பாட்டில் தண்ணீரும் துவைத்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றும் எடுத்துக்கொண்டார். கடைப்பெண் சிரித்த முகத்தோடு ஒரு பெட்டியை எடுத்து வைக்க, இவர் அதில் தண்ணீரை ஊற்றி, கைக்குட்டைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆவிப் பொத்தானை அமுக்கினார். சொட்டியது. அடுத்தது. அதுவும் சொட்டியது. மேசை ஈரமானது.

"சார், சூடாகறதுக்கு முன்னாடி ஆவியைத் திறந்தா எல்லாமே சொட்டும் சார்."

"எங்க குழாயெல்லாம் சூடானப்புறம்தான் மூடுதா?"

கடைப்பெண்ணுக்குச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மனைவியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, இதைப் பாருங்க. புது மாடல். கொஞ்ச நேரம் தொடாம விட்டா தானாவே அணைஞ்சிடும். பாதுகாப்பு."

"அதுதாம்மா எனக்கு வினையே. நான் நாலு தையல் போட்டுட்டுத் திரும்பினா அது தூங்கிடுது. எழுப்பினா துப்புது. வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் சாப்பிட்டதும் தானா அணைஞ்சிடறார். ஒண்ணு போதும் எனக்கு."

வாஷர் அண்ணன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

மனைவி குனிந்து கீழ்த்தட்டில் கைவிட்டு, ஓரமாகக் கிடந்த ஒன்றை இழுத்தார். பழைய மாதிரி, கனமான பெட்டி. தூக்கிப் பார்த்தார். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். ஓர் ஓட்டை இல்லை. மூக்கு மட்டும் நல்ல கூர்மை. தையல் சேருகிற மூலைக்குள் போகும்.

"இது தூங்குமா?"

"இல்லம்மா. நீங்க அணைச்சாத்தான் அணையும். மறக்காம அணைக்கணும்."

"இதுல தண்ணி எங்க ஊத்தறது?" என்றார் வாஷர் அண்ணன்.

"இதுல தண்ணியே கிடையாது சார்."

அவர் கடைப்பெண்ணைப் பார்த்த பார்வையில் அப்படியொரு ஏமாற்றம். "மெயின் வால்வை மூடிட்டு, குழாய் ஒழுகலைன்னு சொல்றதா? அது ரிப்பேராம்மா? அதுக்குப் பேரு ஓடிப்போறது."

"மூடத்தான் போறேன். எடுத்துக் கட்டும்மா" என்றார் மனைவி.

வரும் வழியெல்லாம் பெட்டியை வாஷர் அண்ணன்தான் சுமந்தார். இரண்டு முறை கையை மாற்றிக்கொண்டார். கனம் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் புதுத் துண்டுகள் எல்லாம் சேர்ந்து நட்சத்திரம் மறுபடி முழுதாகிவிட்டது. மகள் உள்ளறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். புது இஸ்திரிப் பெட்டி சொன்னபடி கேட்டது. வைத்து, அமுக்கி, எடுக்க, தையல்கள் காகிதம் மாதிரி படிந்தன. வாஷர் அண்ணன் நிலைப்படியில் நின்று, பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகாத பெட்டியில் அவருக்கு என்ன வேலை?

நட்சத்திரத்தின் நட்டநடுவில்தான் சிக்கல். எல்லாக் கூர்களும் வந்து சேருகிற இடம். மடிப்பின்மேல் மடிப்பாகத் துணி முண்டிக்கொண்டு நின்றது. வெறும் சூட்டுக்கு அது அடங்கவில்லை. மனைவி மடிப்பு கலையாமல் இடதுகை விரல்களால் விரித்துப் பிடித்திருந்தார். வலதுகையில் பெட்டி.

"ஏங்க, இங்க வாங்க. கை காலியா இல்ல எனக்கு. விரலை நனைச்சு, இந்த நடு இடத்துல ஒரே ஒரு சொட்டு விடுங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா? தொழில் தெரிஞ்சவர் நீங்கதானே."

வாஷர் அண்ணன் போய்ச் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். நகத்துக்கு அடியில் குச்சி விட்டுச் சுரண்டினார். குழாய்த் தண்ணீரை நம்பவில்லை. குடிக்கக் காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு வாய் குடித்தும் பார்த்தார். அப்புறம்தான் ஆள்காட்டி விரலை நனைத்துக்கொண்டு பலகைக்கு வந்தார்.

விரல் நுனியில் சொட்டு திரண்டு தொங்கியது. வெள்ளைத் துணிக்கு நேர் மேலே.

"விடுங்க."

"விழுந்துடும்."

"விழணும்னுதான் கூப்பிட்டேன். கை வலிக்குது, சீக்கிரம்."

அவருடைய வாழ்நாளில் எத்தனையோ சொட்டை நிறுத்தியிருக்கிறார். ஒன்றைக்கூடத் தானாக விட்டதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை ஒரு உதறு உதறினார்.

மனைவி பெட்டியை வைத்தார். சுர்ரென்று ஒரு சின்ன ஆவி எழுந்து அடங்கியது. எடுத்தார். முண்டி நின்ற மடிப்பு படிந்து, கூரெல்லாம் ஒரே புள்ளியில் வந்து நின்றது. கறை இல்லை.

"அம்மா, ஆச்சா?" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் ஓரம் பாக்கி" என்றார் மனைவி.

வாஷர் அண்ணன் மூக்கு துணியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். மற்ற நாலு விரலையும் சட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்து உலர்த்திக்கொண்டு, ஆள்காட்டி விரலை மட்டும் டம்ளரில் மறுபடி நனைத்து, அடுத்த மூலைக்கு மேலே நீட்டிப் பிடித்தபடி நின்றார்.