கைப்பிடியில் கட்டிய சிவப்புத் துணி

பக்கிரிசாமியின் படத்தைத் திருவானைக்காவல் கடைத்தெருவில் ஆள் உயர பிளக்ஸில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, சுற்றிலும் ரோஜாப்பூ, கீழே நிறைய எழுத்து. பேத்திக்குக் காதுகுத்து போல, நமக்குச் சொல்லாமல் விட்டானே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. எதிர்க்கடையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் பாலக்கரையிலிருந்து அன்சாரி போன் செய்தான். எங்கள் கல்யாணச் சமையல் கம்பெனியில் வேன் ஓட்டியவன்.

"என்னண்ணே, நீங்க வரவே இல்ல? எல்லாரும் உங்களத்தான் கேட்டாங்க."

"எங்கப்பா வரணும்?"

"பக்கிரி அண்ணன் போயிட்டாருண்ணே. முந்தாநாளு சாயந்திரமே எடுத்தாச்சு. குரூப்ல போட்டேன், மூணு எடத்துல பிளக்ஸ் வெச்சோம். பாக்கலியா?"

"கண்ணு சரியில்லப்பா" என்றேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குப் படிக்க வராது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இதை வேலையிடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மறைத்து வைத்தேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதுகிறாள். பக்கிரியோடு பந்தியில் ஓடிய நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பக்கிரி என்னைவிட மூன்று வயது இளையவன். ஆனால் சாமான் அனுப்புவதில் அவன்தான் தலைமை. எந்த அண்டா எந்த மண்டபத்துக்கு என்று சீட்டு எழுதி மூடியில் ஒட்டுவான். நான் வேனில் ஏற்றுவேன். சீட்டைக் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டுவேனே தவிர, எனக்கு அடையாளம் வேறு. ஒடுக்கு விழுந்தது பாயசம், காது உடைந்தது ரசம். சாம்பார் அண்டா இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இடதுபக்க அடுப்பில் இருப்பது வெங்காயம் பூண்டு சேராதது, ஸ்ரீரங்கத்து வீடுகளுக்குப் போவது. வலதுபக்கத்து அண்டா மற்ற இடங்களுக்கு. ஞாபகம் எனக்குக் கல்வெட்டு மாதிரி. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

அன்று ஸ்ரீரங்கத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். காலையில் ஒரு அடுப்பு மக்கர் செய்ததால் சமையற்காரர்கள் பக்கம் மாறிச் சமைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. பக்கிரி தயிர் எடுக்கக் கிளம்பும்போது, "இன்னிக்கு சீட்டைப் பாத்து ஏத்துங்கண்ணே, சந்தேகம்னா நிறுத்தி வைங்க. வாய்க்கு என்ன வாடகையா குடுக்கறோம், கேட்டா என்ன?" என்றான். "எனக்கே பாடமா? போய்யா" என்றேன்.

இலை போட்டு, பருப்பு வைத்து, முதல் கரண்டி விழுந்ததும் வீட்டுப் பெரியவர் எழுந்துவிட்டார். "என்ன ஓய் இது, வெங்காய வாசனை அடிக்கறதே?" அந்தப் பந்தி முழுக்க இலையை மூடிவிட்டு எழுந்தது. முதலாளி எங்கள் இருவரையும் மண்டபத்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

"யாரு ஏத்துனது?"

"நான்தான். பக்கிரி சொன்ன மாதிரிதான் ஏத்தினேன்" என்றேன்.

பக்கிரி என் முகத்தைப் பார்த்தான். மூடியில் அவன் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. அதைக் காட்டியிருந்தால் போதும். "ஆமாங்க, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றான்.

அவனை எச்சில் இலை எடுக்கப் போட்டார் முதலாளி. தலைமை எனக்கு வந்தது.

மறுநாள் விடியற்காலையில் போனால், அண்டாக் கைப்பிடிகளில் துணி கட்டிக்கொண்டிருந்தான். வெங்காயம் சேர்ந்ததற்குச் சிவப்பு, சேராததற்கு மஞ்சள். "எனக்குச் சீட்டு சரியாத் தெரிய மாட்டேங்குதுண்ணே. கலர்னா சுலபம்" என்றான். அதற்குப் பிறகு ஒரு அண்டாகூட மாறவில்லை. முதலாளி பத்துப் பேர் முன்னால், "மாரிமுத்து மூளையே மூளை" என்று என் முதுகில் தட்டினார். பக்கிரி இலைக்கூடையோடு பக்கத்தில்தான் நின்றான். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

இலை எடுக்கும் வேலையையும் அவன் சும்மா செய்யவில்லை. எந்த இலையில் எது மிச்சம் என்று பார்த்துவந்து சமையற்காரரிடம் சொல்வான். "சாப்புட்டவன் மூஞ்சிக்கு நேரா நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். எலைதான் நெசத்தைச் சொல்லும்." கூட்டில் உப்பு குறைந்ததும், அவியல் அளவு சுருங்கியதும் அவன் சொல்லித்தான். கீழே தள்ளப்பட்ட இடத்திலிருந்தும் கற்றுக்கொண்டே இருந்தான். நான் மேலே உட்கார்ந்து மறைத்துக்கொண்டே இருந்தேன்.

பல வருஷம் கழித்து, சமயபுரத்தில் ஒரு அன்னதானம் முடிந்து கைகழுவும்போது கேட்டேன். "அன்னிக்கு ஏன்யா ஒத்துக்கிட்டே?"

"சீட்டைக் காட்டியிருந்தா உங்களப் படிக்கச் சொல்லியிருப்பாருண்ணே" என்றான்.

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அவனே வந்து, "வெத்தலை இருக்காண்ணே?" என்று பேச்சை எடுத்தான்.

அன்சாரி போனை வைத்ததும் கடைத்தெருவுக்குப் போனேன். பிளக்ஸ் இன்னும் இருந்தது. டீக்கடை அம்மாவிடம், "எனக்குப் படிக்க வராதும்மா. அதுல என்ன எழுதியிருக்கு, சத்தமாப் படிங்க" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கண்ணீர் அஞ்சலி. இன்று மாலை நான்கு மணிக்கு இறுதி ஊர்வலம்" என்று படித்தார். அன்று நான் டீ குடித்தது காலை ஒன்பது மணிக்கு. "கீழ வருத்தத்தோடன்னு பேருங்க போட்டிருக்குங்க. மொதப் பேரு மாரிமுத்து அண்ணன். அவரு யாருங்க?"

"நான்தாம்மா" என்றேன்.

தோழர்களே, ஸ்ரீரங்கத்துச் சாம்பாரை மாற்றி ஏற்றியவன் நான். பக்கிரி சரியாகத்தான் எழுதியிருந்தான். இன்றைக்கும் நீங்கள் அண்டாவில் கட்டுகிற சிவப்பும் மஞ்சளும் அவன் யோசனை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும்போது அவன் பெயரைச் சொல்லுங்கள். அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, 'கேட்டா என்ன?' என்றானே, அதைத்தான். அதனால்தான் டீக்கடையில் என் வாயிலிருந்து 'எனக்குப் படிக்க வராது' என்ற வார்த்தை வந்தது. அவன் இருக்கும்போது அவனிடமே அதைச் சொல்லியிருக்கலாம்.