பாயில் படிந்த சிவப்பு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தங்கையாகிய என்னிடம் தந்திருக்கிறார்கள். நல்லதை மட்டும் எழுதும்படி அண்ணி சொன்னார். அதைவிட அதிகமாக எழுதும்படி அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு தாமதம். எழுதி முடித்த பிறகும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் கணியம்பாடியில் பிறந்தார். அப்பா காலமானபோது அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே தோல் தொழில்நுட்பம் படித்தார். என்னை நர்ஸிங் படிக்க வைத்தார். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சேர்ந்து, ஃபினிஷிங் பிரிவின் பொறுப்பாளராக உயர்ந்தார். சாயம் ஏற்றிய தோலை ஈரத் துணியால் தேய்த்துப் பார்த்து, துணியில் நிறம் ஒட்டினால் அந்த லாட்டையே தள்ளிவிடுவது அவர் வேலை. முதலாளியே கெஞ்சினாலும் அண்ணன் மசிய மாட்டார். தீபாவளிக்கு எடுத்த என் புடவைகளையும் அதே போலத் தேய்த்துப் பார்த்து என் மானத்தை வாங்கியிருக்கிறார்.

பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த மனிதர் பாய்மரப் படகுப் பந்தயத்தில் எப்படி இறங்கினார் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் அவருடைய தொப்பை. டேனரிக்கு இயந்திரம் பழுது பார்க்க வந்த மோகன் சார், சென்னைத் துறைமுகத்தில் ஒரு சிறிய பாய்மரப் படகு வைத்திருந்தார். இருவர் ஓட்டும் படகு. காற்று ஒரு பக்கமாகச் சாய்க்கும்போது மறுபக்கம் உட்கார்ந்து எடை கொடுக்க ஓர் ஆள் வேண்டும். மோகன் சார் ஒல்லி. அண்ணனைப் பார்த்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க எடை எவ்ளோ?" என்பதுதான். அடுத்த ஞாயிறே அண்ணன் ரயில் ஏறிவிட்டார்.

அதன் பிறகு ஞாயிறுகள் எங்களுக்கு இல்லை. விடியற்கால ஆராதனை முடிந்ததும் கிளம்பிப் போவார். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்போது பந்தயம். இரவு உப்பு வாசனையோடு வீடு திரும்புவார். ஓட்டுவது கொஞ்சம், பராமரிப்பதே அதிகம் என்பார். கரைக்கு வந்ததும் படகு, கயிறு, கப்பி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்பு இறுகிக் கப்பி சுற்றாது. படகுப் பாயை அலசி நிழலில் காயவைத்துச் சுருட்ட வேண்டும். "தோலும் பாயும் ஒண்ணுதாம்மா, வெயில்ல போட்டா போச்சு" என்பார். ஒருமுறை சுக்கானைக் கழற்றி ரயிலிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறைப் பின்கட்டில் வார்னிஷ் அடித்தார். ஒரு வாரம் எங்கள் வீட்டு ரசத்தில் வார்னிஷ் வாடை வீசியது.

இவ்வளவு செய்தும் அவர்கள் பெரும்பாலும் கடைசியாகவே வந்தார்கள். பாய் மிகப் பழையது. பிறகு மோகன் சாரின் மகன் வெளிநாட்டிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு புதுப் பாய் அனுப்பினார். பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் பாய் உரசும் இடம் சீக்கிரம் கிழியும், அங்கே தோல் ஒட்டுப் போட வேண்டும். தோல் வேலை என்றதும் அண்ணன் அதைத் தானே செய்வதாகச் சொல்லிப் பாயை வாங்கி வந்துவிட்டார். சாப்பாட்டு மேசை முழுவதும் பாயை விரித்து, எங்களைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வைத்து, கையாலேயே தைத்தார். பெண்களின் காலணிக்காகச் செய்த அடர் சிவப்புத் தோல், பார்க்க அத்தனை அழகு. ஆனால் அது சாயம் போகிறது என்று அவரே தள்ளிய லாட்டின் துண்டு. டேனரியில் சும்மா கிடந்தது, இந்தச் சின்ன ஒட்டுக்கு இது போதாதா என்று எடுத்து வந்துவிட்டார். என் புடவையைத் தேய்த்துப் பார்த்தவர் அதைத் தேய்த்துப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டின் பெரிய பந்தயம் நடந்த நாளில் தூறல். அண்ணனும் மோகன் சாரும் முதன்முறையாக எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி மிதவையை நெருங்கும்போது ஒட்டிலிருந்து சாயம் இறங்கி, பாய் நெடுகச் சிவப்பாக வழிந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது ரத்தமாகத் தெரிந்தது. பந்தயத்தின் பாதுகாப்புப் படகு விரைந்து வந்து குறுக்கே நின்றது.

"சார், யாருக்கு அடி? எங்க அடி?"

காற்று தடைபட்டுப் படகு நின்றது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். வழக்கம்போலக் கடைசி.

கரையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாய்யா தோல் இது, எங்க வாங்கினே?" என்று மோகன் சார் கேட்டார். தன்னுடைய தோல் என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. சென்னை பெரியமேட்டில் அவர் வழக்கமாக ஊசியும் நூலும் வாங்கும் தோல் கடை ஒன்று உண்டு. நாக்கு நுனிக்கு வந்த அந்தக் கடைக்காரர் பெயரைச் சொல்லிவிட்டார். "கலீல் கடையில." கேட்டு நின்றவர்களில் சிலர் இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த ஞாயிறும் காய்ச்சல். நான் நர்ஸ், என்னிடமே காய்ச்சல் என்றார். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அவர் எடுக்காமல் விட்டிருந்த போன் மேசையில் அடித்துக்கொண்டே இருக்க, நான் எடுத்தேன். மோகன் சார் பேசினார்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லும்மா. நான் போய் அந்தக் கலீலை நல்லா கேட்டுட்டேன். கடையில கஸ்டமர் இருந்தாங்க, விடல நான்."

அண்ணனிடம் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில், "நாளைக்கே போய்ச் சொல்லுண்ணே" என்றேன். "நீயும் வா. தனியா போனா காட்பாடியிலயே இறங்கிடுவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கலீல் அவர்களின் கடை மிகச் சிறியது. அண்ணன் அந்தச் சிவப்புத் தோலின் மிச்சத் துண்டை எடுத்து, தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, அவர் முன்னாலேயே தேய்த்துக் காட்டினார். "இது என் தோல், கலீல் அண்ணே. நான் தள்ளின தோல். உங்க பேரை நான்தான் பொய்யா சொன்னேன்."

கலீல் அவர்கள் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த சார் வந்து கத்துனப்போ நான் இன்னா நினைச்சேன் தெரியுமா? நம்ம சரக்குதான் கெட்டுப்போச்சு போலன்னு, கடையில இருக்கிற மொத்த தோலையும் இப்படித்தான் ஈரம் தொட்டுத் தேச்சுப் பார்த்தேன். ஒண்ணுலயும் சாயம் வரல. அப்பவும் மனசு கேக்கல. ஒரே பேஜாரா போச்சு. நீங்க பெரிய டேனரிக்காரர், நீங்க சொன்னா தப்பா இருக்குமான்னு நினைச்சேன்."

அண்ணன் செய்திருக்க வேண்டிய சோதனையை, தவறே செய்யாத மனிதர் செய்திருக்கிறார். அண்ணனுக்கு முகம் கறுத்துப்போனது. எனக்கும் அவமானமாக இருந்தது. வரும் வழியிலெல்லாம் எனக்கிருந்த கோபம் அந்தக் கடையில் எங்கே போனதென்று தெரியவில்லை. கலீல் அவர்கள் எங்களுக்குத் தேநீர் வாங்கித் தந்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அங்கிருந்து மோகன் சாரிடம் போனோம். அவர் பாயைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்த மனுஷன் முன்னாடி எனக்கு இன்னா மூஞ்சி இருக்கு சொல்லு?" என்று மட்டும் கேட்டார். அன்றே தனியாகப் போய் அவரும் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஞாயிறு அண்ணனிடம், "பாயை மாத்தப் போறதில்ல. நீ முன்னாடி உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே வா" என்று சொல்லிவிட்டார். எதைப் போட்டுக் கழுவியும் அந்தச் சிவப்பு போகவில்லை. கடைசி வரை அண்ணன் அந்தப் பாயின் கீழேதான் உட்கார்ந்து போனார். புதிதாக வந்தவர்கள் அது என்ன என்று கேட்டால், "மழையில நனைஞ்சது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சு பேசுவார்.

அண்ணனின் இறுதி நாட்கள் வேலூரில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் கழிந்தன. இதயம் தளர்ந்துவிட்டது. பகல் பணி முடிந்து நான் அருகில் உட்காரும்போதெல்லாம் இந்தப் பேச்சுதான்.

"கலீல் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், மோகன் சார்கிட்ட சொல்லிட்டேன். அன்னைக்குக் கரையில நின்னு கேட்டவங்ககிட்ட சொல்லவே இல்லம்மா. வாய் வரல. எனக்கு மலர் போடுவீங்க இல்ல? அதுல போட்டுடு."

"மலர்ல யாராச்சும் இதெல்லாம் போடுவாங்களாண்ணே? அண்ணி என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க."

"நான் சொன்னேன்னு சொல்லு."

அடக்கத்தின்போது அச்சிட்ட மலரில் போட எனக்குத் துணிவு வரவில்லை. அண்ணனுக்கு வாய் வராதது போலவே எனக்குக் கை வரவில்லை. அடக்கத்துக்கு வந்திருந்த கலீல் அவர்கள் அந்த மலரை வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு, இந்த மலரிலும் விடுவது சரியில்லை என்று பட்டது. அண்ணி இன்னும் முழு மனதோடு சம்மதிக்கவில்லை. இருந்தாலும் எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் என்னோடு பணிபுரியும் செவிலியருக்கும் நன்றி. ஞாயிறு மாலைகளில் அவர் இடம் காலியாக இருந்தும் கோபித்துக்கொள்ளாத போதகருக்கும், அவரைத் தோளில் சுமந்த டேனரி நண்பர்களுக்கும் நன்றி. எடைக்கு ஆள் தேடி வந்து கடைசி வரை தோழராக இருந்த மோகன் சாருக்கு நன்றி. அவர் கேட்டுக்கொண்டபடி, இந்த மலரின் பிரதிகள் படகுச் சங்கத்தின் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பப்படுகின்றன.

அன்று கரையில் நின்று கேட்டவர்களுக்கு, அண்ணன் சார்பில் ஒரு திருத்தம். அந்தச் சிவப்புத் தோல் எங்கள் அண்ணனுடையது. கலீல் அவர்களின் கடைத் தோலில் சாயம் போகாது.