மூக்கால் பார்க்கும் வேலை

காய்ச்சல் விட்டு எழும்பிய அன்று மனைவி குசினியில் செத்தல் மிளகாய் வறுத்தாள். எனக்குத் தும்மல் வந்தது, மணம் வரவில்லை. ஒரு கிழமையில் சரிவரும் என்றிருந்தேன். நாலு மாதமாகியும் வரவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துத் தேயிலை ஸ்டோரில் எனக்கு மூக்கால்தான் வேலை. மலைநாட்டிலிருந்து வரும் பச்சைத் தேயிலையைக் கப்பலேற்றும் முன் மோந்து பார்த்து 'சரி' எழுதவேண்டும். கறுப்புத் தேயிலை போலப் புளிக்கவிடாமல், பறித்த கையோடு சூடு காட்டிக் காயவைப்பது அது. கொழுந்து இளசா, சூடு நேரத்துக்குப் பட்டதா என்பதை நிறத்திலும் சுருளிலும் கண்டுவிடலாம். பக்கத்தில் கிடந்த பொருளின் மணத்தைக் குடித்திருக்கிறதா என்பதைக் கண் சொல்லாது. எல்லாம் சரியாக வந்த கொழுந்தையும் அந்த ஒன்று குப்பையாக்கிவிடும்.

வேலை போனால் அடுப்பெரியாது. வேறு தொழிலும் தெரியாது. அதனால் களவு பழகினேன். பெட்டிக்கொரு சிட்டிகை கடதாசியில் மடித்து அன்புவழிபுரத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். மனைவி மோந்து, இது புல் மணம், இது சாக்கு மணம் என்பாள். மறுநாள், என்னிடமிருக்கும் திறப்பால் மாதிரி வைக்கும் அறையின் பூட்டைத் திறந்து, பெரிய மனுசன் போல அதை நான் ஸ்டோரில் சொல்வேன். நல்ல மூக்கு என்று ஸ்டோர்கீப்பர் மெச்சும்போதெல்லாம் செத்துவிடலாம் போலிருக்கும்.

ஒருநாள் பெட்டிகள் பிந்தி வந்தன. கப்பல் காத்து நின்றதால் உடனே சொல்லச் சொன்னார்கள். வெளியே மழை. படங்கு மூடிய லொறிக்குள்ளேயே ஏறிக் குந்தியிருந்து, ஒவ்வொரு பெட்டியாய்த் திறந்து மூச்சை இழுத்தேன். வெறும் காற்று. இலை நல்ல பச்சை, இறுகிய சுருள். கடவுளே, கைவிட்டுவிடாதே என்று கும்பிட்டுச் 'சரி' எழுதினேன்.

வீட்டு வாசலில் மனைவி மூக்கைப் பொத்தினாள்.

"எங்க நிண்டிட்டு வாறீங்கள்? சட்டை முழுக்கக் கருவாடு மணக்குது."

நான் ஏறியது அந்த லொறிக்குள் மட்டும்தான். போன நடை அது எதை ஏற்றியதென்று அப்போது விளங்கியது. துறைமுகத்து ஆட்களுக்கு அது பழகிய மணம், அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்? சொல்வது என் வேலை. பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு மனம் கெஞ்சியது. சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

கப்பல் இன்னும் நின்றது. ஸ்டோர்கீப்பர் வாசலில் இருந்தார்.

"ஐயா, அந்தப் பெட்டியளை ஏத்தவேண்டாம். எனக்கு நாலு மாசமா ஒண்டும் மணக்குதில்லை."

அவர் நான் நீட்டிய சட்டையை வாங்கி மோந்து பார்த்தார். அதைத் திருப்பித் தந்துவிட்டு, மாதிரி வைக்கும் அறையின் திறப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.