தவணை முடிந்த மேனேஜர்

ஞாயிறு மாலை ஐந்தேகால். பொட்டலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, கோல் கம்பங்களில் கட்டியிருந்த குலை வாழைகள். அன்று ஆட்டம் எதுவும் இல்லை. தேவகோட்டையோடு இறுதி ஆட்டம் அடுத்த ஞாயிறுதான். காரைக்குடியில் வெளிவந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு அப்போது நான் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன்.

சுண்டல் விற்கும் அம்மாள் கேட்டாள்: "என்ன தம்பி, பந்துக்குக் கல்யாணமா?"

கிளப்புக் கணக்குப்பிள்ளைதான் விஷயத்தைச் சொன்னார். கிளப்புக் கமிட்டி அணி மேனேஜரை ஓய்வுக்கு அனுப்புகிறது. வாழை அவருக்கான மரியாதை.

மேனேஜர் பக்கத்து மானகிரிக்காரர், உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்தபோது பந்தாட்டம் பழகி வந்தவர். அவர் வருவதற்கு முன், பந்து எங்கே போனாலும் எங்கள் ஆட்டக்காரர்கள் மொத்தமாக அதன் பின்னால் ஓடுவார்கள். அவர்களை அவரவர் இடத்தில் நிற்க வைத்தவர் அவர். கோபம் வந்தால் பர்மிய பாஷையில் திட்டுவார். அர்த்தம் புரியாததால் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை. ஆட்டம் பார்க்க வரும் வண்டிக்காரர்களும் நெசவாளர்களும் கடைச் சிப்பந்திகளும் அவரை 'நம்ம மேனேஜர்' என்றுதான் சொல்வார்கள்.

சிறிது நேரத்தில் கமிட்டித் தலைவரான செட்டியார் காரில் வந்து இறங்கினார். மேனேஜரின் தோளில் பட்டுச் சால்வையைப் போர்த்தினார்.

"தவணைய நல்லபடியா முடிச்சிட்டாக. இனி வீட்டுல இருந்து இளைப்பாறட்டும். அடுத்த ஆளு நாளைக்கி ரயில்ல வாராக. எல்லாரும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

செட்டியாருக்குப் பர்மாவில் வட்டிக்கடைகள் இருந்தன. அங்கே போகும் ஏஜெண்டு மூன்று வருஷம் இருப்பார். தவணை முடிந்தால் வேறொருவர் போவார்; முந்தியவர் ஊர் திரும்பி ஓய்வெடுப்பார். எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அதுதான் நடைமுறை. அதில் யாருக்கும் அவமானம் இல்லை. பந்தாட்டக் கிளப்பையும் கமிட்டி அதே முறையில் நடத்திவிட்டது.

விருந்துக்கு ஆட்டக்காரர்கள், பொட்டலில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் போனார்கள்; நானும் போனேன். இரண்டாங்கட்டில் இலை போட்டிருந்தது. ஒருவரும் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றார்கள். செட்டியார் வீட்டம்மா அடுப்படியிலிருந்து வந்தார்.

"என்னப்பா இது? இலை காயுது."

வண்டிக்காரர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "சோத்து மேல கோவமில்ல ஆச்சி. மேனேஜர எதுக்கு வெரட்டுறாக?"

"வெரட்டுறதா?" செட்டியார் உண்மையிலேயே திகைத்துப்போனார். "பட்டுப் போத்தியா ஒருத்தர வெரட்டுவாக? ரங்கூன் கடையில ஆள மாத்தையில யாராச்சும் அழுதாகளா?"

"ரங்கூன் கடைய நாங்க எங்க பாத்தோம்? இவுகள வாரா வாரம் பாக்குறோமுல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம தேவகோட்டை ஆட்டம். அதாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

செட்டியாருக்குத் தெரியவில்லை. கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் இலைகளைப் பார்த்தார்கள்.

"ஆட்டத்துக்கு வந்து மால போட்ட கையோட காருல ஏறிட்டா எப்புடித் தெரியும்?" என்றாள் சுண்டல்காரம்மாள். கூட்டம் சிரித்தது. ஆச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மேனேஜர் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். "இளைப்பாறச் சொன்னது சரிதாங்க. அந்த ஒரு ஆட்டத்த முடிச்சிட்டு இளைப்பாறுறேனே."

செட்டியார் மெதுவாகச் சொன்னார்: "புது ஆளு பொறுப்பெடுக்க நாள் பாத்தாச்சு. வான்னு சொல்லிப்புட்டு வந்த ஆள நிறுத்தி வைக்கிறது முறையில்ல. ஆனா மைதானத்துக் கயித்துக்கு வெளிய நின்னு ஆட்டம் பாக்குறதுக்குத் தவணை ஏது? தேவகோட்டைக்கு நம்ம காருல வாங்க. நானும் ஆட்டம் முடியமட்டும் இருக்கேன்."

"காரெல்லாம் வேணாம். எங்க வண்டியில வருவாக," என்றார் வண்டிக்காரர்.

மேனேஜர் அவரைப் பார்த்தார், செட்டியாரைப் பார்த்தார். பிறகு முதல் ஆளாக இலை முன் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பாயசம் வந்தபோது அதே வண்டிக்காரர், இலையில் அப்பளத் துண்டுகளை நகர்த்தி வைத்து, ஆஃப்சைடு என்றால் என்ன என்று செட்டியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். செட்டியார் இரண்டு முறை மறித்துச் சந்தேகம் கேட்டார்.

அடுத்த ஞாயிறு தேவகோட்டையில் எங்கள் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது. கோப்பையைப் புது மேனேஜர் வாங்கினார்.